சென்னையிலிருந்து டொராண்டோ: தூரமும் நேரமும் கணக்குப் பார்த்து டிக்கெட் எடுப்பது எப்படி?

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஏறக்குறைய 13,400 கிலோமீட்டர் என்று வரும். பயண நேரம் எவ்வளவு என்று தேடினால்தான் குழப்பம். ஒரு தளம் 15 மணி நேரம் என்கிறது, டிக்கெட் விற்கும் செயலி 22 மணி என்கிறது, அதற்குக் கீழேயே மலிவான டிக்கெட் ஒன்று 34 மணி நேரம் காட்டுகிறது. மூன்றும் பொய்யில்லை. முதலாவது, நில்லாமல் பறந்தால் ஆகும் நேரம். மற்ற இரண்டும் இடையில் இறங்கிக் காத்திருப்பதையும் சேர்த்தவை. சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே இல்லை என்பதால் அந்த 15 மணி நேரம் யாருக்கும் வாய்க்காத நேரம்.

படிக்கப் போகும் மாணவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க முதல் தடவை கிளம்பும் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு கொஞ்சம் பிடிபட்டுவிட்டால் டிக்கெட் எடுப்பதில் பாதித் தலைவலி குறையும். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான்.

முதலில் தூரம்

பள்ளிக்கூட உலக வரைபடத்தில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபு நாடுகள், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். விமானத்துக்கு அது சுற்று வழி. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களையும் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நேராக வடக்கே ஏறும். ராஜஸ்தான், பாகிஸ்தான், தாஷ்கண்ட் பக்கம், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலை என்று போய், வட துருவத்தைச் சுற்றியுள்ள ஆர்க்டிக் கடலைக் கடந்து, கிரீன்லாந்து மேல் திரும்பி, கனடாவின் கியூபெக் வழியாக டொராண்டோவில் இறங்கும். இதுதான் மிகக் குறுகிய வழி, சுமார் 13,390 கிலோமீட்டர்.

சில தளங்கள் இதையே 8,320 மைல் என்று போடும். விமானத் துறைக்காரர்கள் 7,230 கடல் மைல் என்பார்கள். தூரம் ஒன்றுதான், அலகுதான் வேறு. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பத்து இருபது கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒரு தளம் ஊரின் மையத்திலிருந்தும் இன்னொன்று விமான நிலையத்திலிருந்தும் அளந்திருக்கும். டொராண்டோவின் பியர்சன் விமான நிலையமே உண்மையில் பக்கத்து ஊரான மிசிசாகாவில்தான் இருக்கிறது.

இடையில் ஓர் ஊரில் இறங்கிப் போனால் தூரம் எவ்வளவு கூடும்? விமான நிலையங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழியை வைத்துப் போட்ட கணக்கு இது:

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
பிராங்பர்ட் வழி: 7,590 + 6,340 = 13,930 கி.மீ.
லண்டன் வழி: 8,230 + 5,710 = 13,940 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080 = 14,010 கி.மீ.
ஹாங்காங் வழி: 3,710 + 12,550 = 16,260 கி.மீ.

டெல்லி கிட்டத்தட்ட நூல் போன வழியிலேயே இருப்பதால் கூடுதல் தூரம் என்று எதுவுமே இல்லை. லண்டனும் பிராங்பர்ட்டும் துபாயும் வரைபடத்தில் எங்கெங்கோ இருந்தாலும், மூன்றுக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. நேர்வழியைவிட இவை கூட்டுவது 650 கிலோமீட்டருக்கு உள்ளேதான், அதாவது முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கிழக்கே போகும் ஹாங்காங் வழி மட்டும்தான் உண்மையிலேயே நீளம்.

ஆக, எந்த வழி கிட்டம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பயணம் 21 மணி நேரமா 34 மணி நேரமா என்பதை முடிவு செய்வது நடுவில் காத்திருக்கும் நேரம். டிக்கெட் பார்க்கும்போது கண் முதலில் போக வேண்டியது அங்கேதான்.

(கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நேர்தூரம் 14,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். அங்கிருந்தும் நேரடி விமானம் இல்லாததால் கீழே சொல்வது பெரும்பாலும் அவர்களுக்கும் பொருந்தும்.)

தூரத்திலிருந்து நேரத்துக்கு

பெரிய விமானங்கள் உயரத்தில் பறக்கும்போது வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் இருக்கும். தூரத்தை 900-ஆல் வகுத்து, ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொண்டால் உத்தேச நேரம் வந்துவிடும். லண்டன்–டொராண்டோ 5,710 கிலோமீட்டர். வகுத்தால் ஆறே கால் மணி நேரம், முக்கால் சேர்த்தால் ஏழு. ஆனால் டிக்கெட்டில் எட்டு மணி நேரம் என்று இருக்கும். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது?

காற்றில் போனது. வடக்கு அட்லாண்டிக் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் வீசுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். கனடாவுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் தள்ளும் காற்று. அதனால்தான் லண்டன்–டொராண்டோ எட்டு மணி நேரம், டொராண்டோ–லண்டன் ஏழு மணி நேரம். துபாய்–டொராண்டோ ஏறக்குறைய 14 மணி நேரம், திரும்பி வருவது அதைவிட ஒரு மணி நேரமாவது குறைவு. குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வலுக்கும்.

இரண்டாவது காரணம், மூடிய வான்வெளி. மேலே நூல் பிடித்துப் பார்த்த வழியில் பாகிஸ்தானும் ரஷ்யாவும் வருகின்றன அல்லவா? 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து கனடா, ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்கள் ரஷ்யா மேல் பறப்பதில்லை. 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. இதனால் டெல்லி–டொராண்டோ போன்ற நேரடி விமானங்கள்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு வழியில் சுற்றுகின்றன, நேரமும் மாறுகிறது. டெல்லி வழிதான் தூரம் குறைவு என்று மேலே சொன்னேன். காகிதத்தில் அது சரி, வானத்தில் அந்த ஆதாயம் முழுதாகக் கிடைப்பதில்லை.

கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் போட்டிருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் சென்னையுடையது, இறங்கும் நேரம் டொராண்டோவுடையது. இதை மறந்து இரண்டையும் அப்படியே கழித்தால் பதினொன்றரை மணி நேரத்தில் கனடா போய்விடலாம் போலத் தெரியும்.

டொராண்டோவில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடை நேரம், அப்போது நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம் முன்னால். இந்தியாவில் இந்த மாற்றம் இல்லை. நம்மூரில் இரவு ஏழரை என்றால் அங்கே கோடையில் அதே நாள் காலை பத்து, குளிர்காலத்தில் காலை ஒன்பது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஜனவரி மாதம், லண்டன் வழி. சென்னையில் காலை 5:30-க்குப் புறப்படுகிறீர்கள். டொராண்டோவில் அதே நாள் மாலை 5:00-க்கு இறங்குகிறீர்கள். கடிகாரத்தில் வித்தியாசம் 11.30 மணி நேரம். மேற்கே போகும்போது நேர வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும்: 11.30 + 10.30 = 22 மணி நேரம். சரிபார்க்க வேண்டுமானால், லண்டனுக்கு 11, காத்திருப்பு 3, அங்கிருந்து 8. மொத்தம் 22.

திரும்பும்போது கழிக்க வேண்டும். டொராண்டோவில் திங்கள் மாலை 6:00-க்கு ஏறி, சென்னையில் புதன் அதிகாலை 3:30-க்கு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். கடிகாரம் 33.30 மணி நேரம் காட்டும். அதில் 10.30 போனால் 23 மணி நேரம். லீவு எண்ணிக்கையோடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: போகும்போது அதே நாளில் போய்விடலாம், வரும்போது செவ்வாய்க்கிழமை முழுதும் வானத்திலும் விமான நிலையத்திலும் கரைந்துவிடும்.

இன்னொன்று, இதில் விழாதவர்கள் குறைவு. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. டிக்கெட்டில் '10 ஜனவரி, 03:50' என்று இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 9-ஆம் தேதி இரவு. மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் 10-ஆம் தேதி பிறந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் வாசலில் நிற்க வேண்டும். '10-ஆம் தேதி ராத்திரி பிளைட்' என்று வீட்டில் யார் சொன்னாலும் உடனே திருத்துங்கள். வெளியூரிலிருந்து ரயில் ஏறி வருகிறவர்கள் இந்தக் கணக்கை ரெண்டு பேரை விட்டுச் சரிபார்க்கச் சொன்னாலும் தப்பில்லை.

காத்திருப்பு எவ்வளவு இருக்கலாம்?

என் கணக்கில் முதல் பயணத்துக்கு இரண்டரை மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் வரை நல்லது. செயலிகள் ஒன்றேகால் மணி நேர இடைவெளியைக்கூடக் காட்டும். விமான நிலையம் அனுமதிக்கும் குறைந்தபட்ச நேரம் அது, அவ்வளவே. இறங்குவதற்கே இருபது நிமிடம், மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசை, டெர்மினல் மாற வேண்டுமானால் பஸ்ஸோ ரயிலோ. அடுத்த விமானத்தின் கேட்டைப் புறப்படும் நேரத்துக்கு முன்னதாகவே மூடிவிடுவார்கள். முழங்கால் வலியுள்ள அம்மா அப்பாவுக்கு இந்த ஓட்டம் வேண்டாம். அவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவி கேட்டுவிடுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, மொழி தெரியாதவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆளும் கிடைத்துவிடுகிறது.

விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பதையும் பாருங்கள். லண்டனிலிருந்து டொராண்டோவுக்கு ஒரே நாளில் பல விமானங்கள் உண்டு. வளைகுடா நகரங்களிலிருந்து நாளுக்கு ஒன்று, அல்லது வாரத்தில் சில நாட்கள் மட்டுமே. அங்கே ஒன்றைத் தவறவிட்டால் ஒரு நாள் போய்விடும். இதனால் வளைகுடா வழி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வழியில் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் டிக்கெட் சில ஆயிரம் ரூபாய் மலிவாக இருக்கும். அங்கே சாப்பிடுகிற காபியும் சாண்ட்விச்சும் அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இருபத்திரண்டு வயதில் நாற்காலியில் தூங்கிவிடலாம், அறுபத்திரண்டில் முடியாது.

ஒரே டிக்கெட்டா, இரண்டா?

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சென்னையிலிருந்து டொராண்டோ வரை முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், வேறு விமானத்தில் ஏற்றி விடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. சென்னையில் போட்ட பெட்டி டொராண்டோவில் வரும்.

இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து மலிவாக விற்கும் தளங்கள் இருக்கின்றன. 'செல்ஃப் டிரான்ஸ்பர்' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இதில் நடுவழி ஊரில் இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போனதுதான்.

நடுவழி விசா

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா வேண்டும். அங்கே நாட்டுக்குள் நுழையாமல் ஒரு பன்னாட்டு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வசதி கிடையாது. நியூயார்க் வழி டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் விசா இல்லையென்றால் அதை மறந்துவிடுங்கள். அதேபோல், நயாகராவுக்கு அந்தப் பக்கம் உள்ள பஃபலோ டொராண்டோவுக்குக் கிட்டம்தான், ஆனால் அது அமெரிக்கா.

ஐரோப்பாவில் இரண்டு ஊர்களில் மாறும் டிக்கெட்டுகளில் ஒரு பொறி இருக்கிறது. பிராங்பர்ட்டில் இறங்கி மியூனிக் போய், அங்கிருந்து டொராண்டோ என்றால் நடுவில் உள்ளது உள்நாட்டுப் பயணம். அதற்கு ஷெங்கன் விசா (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கேட்பார்கள். ஒரே ஊரில் மாறுவதற்கும், பிரிட்டன் வழியாகப் போவதற்கும் தனித்தனி டிரான்சிட் விதிகள் உண்டு. கனடா விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்குகளும் உண்டு. இவை அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு அந்த நாட்டு அரசின் தளத்தைத் திறந்து பார்ப்பதுதான் வழி. ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது.

பெட்டி

கனடா தடத்தில் பெரும்பாலும் எடைக் கணக்கு இல்லை, எண்ணிக்கைக் கணக்கு: ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள் இத்தனை பெட்டி என்று டிக்கெட்டில் இருக்கும். மலிவு டிக்கெட்டுகளில் ஒன்றுதான் தருவார்கள். ஒன்று 28 கிலோ, இன்னொன்று 18 கிலோ என்று போனால் மொத்தம் 46 தானே என்ற வாதம் கவுண்டரில் எடுபடாது.

செக்-இன் செய்யும்போது பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊர்க் குறி ஒய்-ஒய்-இசட் என்று இருக்கிறதா பாருங்கள். அதுதான் பியர்சன் விமான நிலையம். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். திரும்பும்போது டெல்லி வழியாக வந்தால், பொதுவாக டெல்லியிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்துவிட்டு மறுபடி சென்னைக்குப் போட வேண்டியிருக்கும். அதற்கும் நேரம் விடுங்கள்.

மாணவர்கள் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், விசா ஒப்புதலோடு வந்த அறிமுகக் கடிதம், பணத்துக்கான சான்று எல்லாவற்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். படிப்பு அனுமதிச் சீட்டு அச்சாகிக் கையில் கிடைப்பது கனடாவில் இறங்கிய பிறகுதான். அந்த நேரத்தில் காகிதம் பெட்டிக்குள் இருந்தால் பெட்டி பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், நீங்கள் கவுண்டரில் நிற்பீர்கள். சூப்பர் விசாவில் (பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கக் கனடா தரும் விசா) வரும் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீட்டுக் காகிதம் அதேபோல்.

இறங்கியபின்

செப்டம்பர் வகுப்புகளுக்கு முன்னால், ஆகஸ்ட் கடைசியில், அனுமதிச் சீட்டு வாங்கும் வரிசை நீளும். அதனால் டொராண்டோவில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் ஹாலிஃபாக்ஸுக்கோ வின்னிபெக்குக்கோ இன்னொரு விமானம் என்று போடாதீர்கள். கனடாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் இமிக்ரேஷன், சுங்கம் எல்லாம். முடிந்தால் பகலில் இறங்கும் டிக்கெட்டாகப் பாருங்கள்.

சுங்கப் படிவத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். பொடியும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு இல்லை என்பது தேவையில்லாத வம்பு. சொன்னால் பெரும்பாலும் என்னவென்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள், அல்லது ஆகாததை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம். பத்தாயிரம் கனடா டாலர் அல்லது அதற்கு மேல் கையில் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும்.

பியர்சனில் இரண்டு டெர்மினல்கள், 1-உம் 3-உம். அழைக்க வருகிறவருக்கு எது என்று முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே இலவச ரயில் ஓடுகிறது. யாரும் வராவிட்டால் டெர்மினல் 1-இலிருந்து யுபி எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் நகரின் யூனியன் ஸ்டேஷனில் விட்டுவிடும். ஜனவரியில் வருகிறவர்கள் கனமான கோட்டைப் பெட்டியில் பூட்டாமல் கையில் வைத்திருங்கள். வாசல் கதவு திறந்ததும் அது தேவைப்படும்.

மாலையில் இறங்கினால் உங்கள் உடம்புக்கு அது விடிகாலை மூன்றரை மணி. எப்படியாவது இரவு ஒன்பது வரை கண்விழித்திருந்து பிறகு படுங்கள். முதல் சில நாட்கள் அதிகாலை இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும், பசிக்கும். உடம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் புது ஊருக்குப் பழகும். அதனால் வகுப்போ வேலையோ தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் இறங்குவது போலத் தேதி பார்ப்பது நல்லது. பலருக்கு மேற்கே போவதைவிடக் கிழக்கே திரும்புவது கஷ்டம். மூன்று வார லீவில் ஊருக்கு வருகிறவர்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்கினால், முகூர்த்த நேரத்தில் பந்தலில் தூங்கி வழிவார்கள்.